கையால் பின்னிய சாக்ஸும் ஸ்வெட்டரும்: ஊசியை இறக்கிய பிறகு எழும் கேள்விகள்

பின்னி முடித்தாயிற்று. இனி எதை முதலில் செய்வது?

சாக்ஸ், தொப்பி போன்று வட்டமாகப் பின்னியவை என்றால் வேலை சுருக்கம். திறந்திருக்கும் நுனியை மூடுங்கள், மூலைகளில் உள்ள சிறு ஓட்டைகளை அடையுங்கள், நூல் வால்களை (தொடங்கிய, முடித்த இடங்களில் தொங்கும் நூல் நுனிகளை) கோத்து மறையுங்கள், அலசிக் காயவையுங்கள். வால்களின் மிச்சத்தை வெட்டுவது அதற்கும் பிறகு.

முன், பின், கை என்று தனித்தனித் துண்டாகப் பின்னிய ஸ்வெட்டரில் அலசல் முன்னால் வரும். துண்டுகளை நனைத்து, அளவுக்கு விரித்து, காயவைத்த பின்தான் இணைக்க வேண்டும். சுருண்டு கிடக்கும் ஓரத்தில் ஊசி போட்டால் எந்தக் கண்ணியை (பின்னலின் ஒரு வளையத்தை) எடுக்கிறோம் என்றே தெரியாது. பிறகு தோள், கழுத்துப் பட்டி, கை, பக்கவாட்டு மூட்டு, பட்டன் என்ற வரிசையில் போகலாம்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். பின்னல் முதல் அலசலில் நெகிழ்ந்து, காயும்போதுதான் தன் இடத்தில் அமரும். அதற்கு முன் வாலை ஒட்ட வெட்டினால், துணி நெகிழும்போது நுனி வெளியே துருத்தும். சில இடங்களில் கழன்றும் போகும்.

என்னென்ன வேண்டும்?

மழுங்கிய முனையும் பெரிய காதும் கொண்ட கம்பளி ஊசி, மெல்லிய குரோஷே ஊசி, துருப்பிடிக்காத குண்டூசிகள், அளவு நாடா, கண்ணிகளைக் குறிக்கும் வளையங்கள். கூர் முனை ஊசி நூலின் இழைகளைக் குத்திப் பிளக்கும் என்பதால் மூட்டு வேலைக்கு அது ஆகாது. வால் மறைக்க மட்டும் சில நேரம் அதே கூர்மை உதவும். அதைக் கீழே பார்க்கலாம்.

சாக்ஸ் நுனியைத் தடிப்பில்லாமல் மூடுவது எப்படி?

இதற்குத்தான் கிச்சனர் தையல். முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. மூட்டே தெரியாது, ஒரு நிட் வரிசையை (வழவழப்பான V வடிவக் கண்ணிகளின் வரிசையை) ஊசியால் வரைந்தது போல இருக்கும். ஷூவுக்குள் விரல் அழுந்தும் இடத்தில் தடிப்பு இருந்தால் அந்தச் சாக்ஸை யாரும் இரண்டாம் முறை போட மாட்டார்கள். அதனால் இந்த ஒரு தையலை மட்டும் குறுக்குவழி இல்லாமல் கற்றுக்கொள்வது நல்லது.

நுனியில் மொத்தம் 16 முதல் 24 கண்ணிகள் மிஞ்சும்போது நிறுத்துங்கள். இரண்டு ஊசிகளில் சரி பாதியாகப் பிரித்து, உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க இணையாகப் பிடியுங்கள். மூட வேண்டிய அகலத்தைப் போல நான்கு மடங்கு நூலும், கையில் பிடிக்கக் கொஞ்சமும் விட்டு அறுங்கள். சாதாரணச் சாக்ஸுக்கு 30 செ.மீ. போதும். நூல் பின் ஊசியின் வலப்பக்கத்தில் இருந்து வர வேண்டும்.

தொடக்கம்: முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் (நிட்டின் மறுபக்கம், மேடாகத் தெரியும் கண்ணி) போடுவது போல, பின்னிருந்து முன்னாக நுழைத்து இழுங்கள், கண்ணி ஊசியிலேயே இருக்கட்டும். பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட் போடுவது போல, முன்னிருந்து பின்னாக நுழைத்து இழுங்கள், இதுவும் இருக்கட்டும்.

அடுத்து நான்கு அசைவுகள், முடியும்வரை:

முன்: நிட் போல நுழைத்துக் கழற்று.
முன்: அடுத்ததில் பர்ல் போல நுழைத்து விடு.
பின்: பர்ல் போல நுழைத்துக் கழற்று.
பின்: அடுத்ததில் நிட் போல நுழைத்து விடு.

"நிட் கழற்று, பர்ல் விடு, பர்ல் கழற்று, நிட் விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பிழை வருவது பெரும்பாலும் பாதியில் யாராவது கூப்பிட்டு எழுந்து போகும்போதுதான். எழ வேண்டியிருந்தால் முன் ஊசியின் இரண்டு அசைவும் பின் ஊசியின் இரண்டு அசைவும் முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். நூல் எப்போதும் ஊசி முனைகளுக்குக் கீழாகவே போக வேண்டும். மேலே சுற்றி வந்தால் தேவையில்லாத ஒரு கண்ணி உருவாகிவிடும்.

தைக்கும்போதே இறுக்க வேண்டாம். தளர்வாகவே முடித்துவிட்டு, தொடங்கிய இடத்திலிருந்து ஊசி முனையால் கண்ணியின் ஒவ்வொரு காலாக (ஒரு பக்க இழையாக) தூக்கி, மிச்ச நூலை அடுத்த கண்ணிக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். மேலும் கீழும் உள்ள வரிசைகளின் கண்ணி அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மூடிய நுனியின் இரு ஓரத்திலும் காது போல நீட்டிக்கொண்டிருக்கிறதே?

ஓரக் கண்ணிகள் இரண்டும் அடுத்த கண்ணிகளின் தோளில் சாயாமல் நிமிர்ந்து நிற்பதுதான் காரணம். மூடத் தொடங்கும் முன் ஒவ்வொரு ஊசியிலும் முதல் கண்ணியை இரண்டாவதன் மேலும், கடைசிக் கண்ணியை அதற்கு முந்தையதன் மேலும் தாண்டவிட்டால் ஓரம் உருண்டு வரும். ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், வாலை ஓரத்தின் வழியே உள்ளே இறக்கி, காதின் அடியை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து அமர்த்துங்கள். அலசியதும் பாதி மறைந்துவிடும்.

குதிகால் மடல் (குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை) பாதத்தோடு சேரும் மூலையில் ஓட்டை விழுகிறது. ஏன்?

அங்கே நெடுக்கே ஓடும் வரிசைகளும் குறுக்கே எடுத்த கண்ணிகளும் ஒரே புள்ளியில் பிரிகின்றன. இரண்டு பக்கமும் இழுப்பதால் நடுவில் உள்ள நூல் நீள்கிறது. பின்னும்போதே தடுக்க, மூலையில் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து முறுக்கிப் பின்னுங்கள். முடிந்த பிறகு என்றால், உள்பக்கத்தில் ஓட்டையைச் சுற்றியுள்ள நான்கைந்து கண்ணிக் கால்களை வட்டமாகக் கோத்து மெல்ல இழுங்கள். முடிச்சுப் போட்டு இறுக்காதீர்கள். முடிச்சு கணுக்காலுக்குக் கீழே உறுத்தும், ஓட்டையும் முடிச்சுக்குப் பக்கத்திலேயே மறுபடி திறக்கும்.

நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னிய சாக்ஸ் காலில் ஏறவே மாட்டேன் என்கிறது.

கடைசியில் கண்ணிகளை அடைத்த (அவிழாமல் மூடி முடித்த) விளிம்பு இறுக்கம். சாக்ஸ் வாய் பொருந்தியிருப்பது கணுக்காலுக்கு மேலே. ஆனால் அது தாண்டி வர வேண்டியது குதிகாலின் முனையிலிருந்து பாதத்தின் மேல்மடிப்பு வரை சாய்வாகச் சுற்றினால் வரும் அளவை. காலிலேயே பெரிய சுற்றளவு அதுதான். நாடாவால் அந்தச் சுற்றை அளந்துகொண்டு, விளிம்பை அவ்வளவுக்கு விரித்துப் பாருங்கள். விரியவில்லையென்றால் பிரித்துவிட்டு மறுபடி அடைப்பதே வழி. "போடப் போட நெகிழும்" என்று நம்ப வேண்டாம். நெகிழாது, ஒருநாள் அறுந்துபோகும்.

எளிய வழி: இரண்டு கண்ணிகளைப் பின்காலில் (ஊசிக்குப் பின்னால் உள்ள இழையில்) சேர்த்து நிட் போடுங்கள், வந்த ஒன்றை இட ஊசிக்கே திருப்பி மாற்றுங்கள், மறுபடி அடுத்ததோடு சேர்த்துப் போடுங்கள். ஒன்றிரண்டு எண் பெரிய ஊசியை இதற்குப் பயன்படுத்தலாம். ரிப் பட்டிக்கு (நிட் தூணும் பர்ல் தூணும் மாறி மாறி வரும் நெகிழ்வான பட்டிக்கு) இன்னும் அழகு ஊசி நூலால் தைத்து அடைப்பது. விளிம்பின் நீளத்தைப் போல மூன்றரை மடங்கு நூல் அதற்கு வேண்டும்.

நூல் வால்களை எப்படி மறைத்தால் வெளியே வராது?

முதலில், மறைக்கும் அளவுக்கு வால் இருக்க வேண்டும். தொடங்கும்போதும் நூல் மாற்றும்போதும் 15 செ.மீ. விடுங்கள். 5 செ.மீ. வாலை ஊசியில் கோக்கவே முடியாது.

சொரசொரப்பான கம்பளி நூலுக்கு, பர்ல் பக்கத்தில் தெரியும் மேடுகளின் போக்கிலேயே ஏறி இறங்கி 5 செ.மீ. கோத்தால் போதும், இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். வழுக்கும் நூல்களுக்கு (பருத்தி, பட்டு, மூங்கில் நூல், மெஷினில் அலசக்கூடிய சூப்பர்வாஷ் கம்பளி) இது போதாது. ஒரு திசையில் 4 செ.மீ. போய், ஒரு காலை விட்டுவிட்டுத் திரும்பி, வந்த வழியிலேயே தன் நூலின் இழைகளுக்கு நடுவே குத்திக்கொண்டு வாருங்கள். கூர் முனை ஊசி உதவும் இடம் இதுதான்.

வாலை நேராகக் குறுக்கே மட்டும் ஓட்டினால் துணி நீளும்போது வால் நீளாது. வெளியே சுருங்கிய கோடாகத் தெரியும். கண்ணியின் வளைவைப் பின்பற்றினால் வாலும் துணியோடு சேர்ந்து நீளும். சாக்ஸ் மேல்வாயில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ரிப்பில் நிட் தூணுக்குள்ளேயே செங்குத்தாக இறக்குங்கள், குறுக்கே கொண்டுபோகாதீர்கள். நிறக்கோடு மாறும் இடங்களில் ஒவ்வொரு வாலையும் அதன் நிறத்துக்குள்ளேயே மறைக்க வேண்டும்.

கோத்த பின் துணியை இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துப் பாருங்கள். அலசிக் காய்ந்த பின் 1 செ.மீ. விட்டு வெட்டலாம்.

கைக்குழந்தைக்கான சாக்ஸில் தனிக் கவனம் ஏதாவது?

உண்டு, இதில் சமரசம் வேண்டாம். உள்பக்கம் தொங்கும் நூலோ, வரிசைக்குக் குறுக்கே நீளமாக ஓடும் வண்ண நூலோ குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும். குழந்தையால் சொல்லவும் முடியாது. ஆகவே சின்ன அளவுகளில் உள்ளே ஒரு வளையமும் தளர்வாக இருக்கக் கூடாது. முடித்ததும் சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி, உங்கள் விரல் நுனியால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். விரலில் எது மாட்டினாலும் அதைத் தைத்து அமர்த்துங்கள். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் இதைச் செய்ய வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் அலங்காரப் பட்டன், மணி, பஞ்சுப் பந்து எதுவும் வைக்காமல் இருப்பதே நல்லது.

பிளாக்கிங் என்பது என்ன? சும்மா துவைத்தால் போதாதா?

நனைத்து, வேண்டிய அளவுக்கு விரித்து, அந்த நிலையிலேயே காயவைப்பதுதான் பிளாக்கிங். ஏறுமாறாக இருக்கும் கண்ணிகள் இதில்தான் சமமாகும்.

ஒரு வாளியில் கை தாங்கும் வெதுவெதுப்பை விடக் குறைவான சூட்டில் நீர் எடுத்து, கம்பளிக்கான திரவ சோப்பு சில துளி விட்டு, பின்னலை அமிழ்த்துங்கள். 20 முதல் 30 நிமிடம் அப்படியே விடுங்கள். கம்பளி இழை மெதுவாகத்தான் நீரை உள்ளிழுக்கும். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் மேல்தான் நனைந்திருக்கும். தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள், குழாய் நீரைத் துணியின் மேல் நேராக விழவிடாதீர்கள். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர் கெட்டித் தகடாகச் சுருங்கிவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

எடுக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுங்கள். ஒரு தோளைப் பிடித்துத் தூக்கினால் நீரின் எடையே ஸ்வெட்டரை நீட்டிவிடும். துவாலையில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, அதன் மேல் அழுத்துங்கள். பிறகு சமதளத்தில் விரித்து, அளவு நாடாவை வைத்து மார்பு, நீளம், கை மூன்றையும் சரிசெய்யுங்கள். நேர் ஓரங்களில் 3 செ.மீ.க்கு ஒரு குண்டூசி போடலாம். ரிப் பட்டிகளை மட்டும் இழுக்காமல் விரல்களால் நெருக்கிச் சேர்த்து வையுங்கள். அகல விரித்துக் காயவைத்த ரிப் அதன் பிடிப்பை இழந்துவிடும். வெயிலில் வேண்டாம், காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு நாள் ஆகும்.

சாக்ஸுக்குக் கால் வடிவச் சட்டங்கள் உண்டு. இல்லாவிட்டாலும் குறையில்லை. தட்டி நேராக்கி, ஜோடியை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நீளம் பார்த்தால் போதும்.

அலசியதும் ஸ்வெட்டர் ஒரு சாண் நீண்டுவிட்டது!

நூல் சூப்பர்வாஷ் கம்பளியாக இருக்கும். மெஷினில் சுருங்காமல் இருக்க இழையின் செதில்களை நீக்கியோ மெல்லிய பூச்சு கொடுத்தோ தயாரிப்பார்கள். பற்றிக்கொள்ளும் தன்மை போய்விடுவதால் ஈரத்தில் கண்ணிகள் சரிந்து நீளும். நூல் சுற்றின் லேபிள் அனுமதித்தால், குறைந்த சூட்டில் உலர்த்தும் மெஷினில் போட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து விரித்துக் காயவையுங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். அடுத்த முறைக்கு, 15 செ.மீ. சதுர மாதிரித் துண்டு பின்னி, அதையும் அலசிக் காயவைத்த பிறகே கண்ணிக் கணக்கைப் போடுங்கள். அலசாத மாதிரி தரும் எண்ணிக்கையை நம்பி ஸ்வெட்டர் பின்னக் கூடாது.

அக்ரிலிக் நூலுக்கும் இதே முறையா?

அக்ரிலிக் நீரில் வடிவம் மாறாது. துவைத்து, சமதளத்தில் விரித்தாலே போதும். ஆவி காட்டினால் மென்மையாகி நன்றாகத் தொங்கும். ஆனால் அந்த மாற்றம் நிரந்தரம். இஸ்திரிப் பெட்டியை 3 செ.மீ. உயரத்திலேயே பிடித்து ஆவியை மட்டும் விட வேண்டும். துணியில் பட்டால் இழை உருகிப் பளபளக்கும். ரிப் பக்கம் ஆவியே போகக் கூடாது. பருத்தி நூல் நனைத்தால் படியும், ஆனால் துள்ளித் திரும்பும் குணம் இல்லாததால் பட்டிகள் போடப் போடத் தளரும்.

பக்கவாட்டு மூட்டு வெளியே தெரியாமல் இணைக்க முடியுமா?

முடியும். இரண்டு துண்டுகளையும் வெளிப்பக்கம் மேலே தெரிய, பக்கத்தில் பக்கமாக வையுங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே மெல்ல இழுத்தால் ஏணிப் படி போலக் குறுக்கு நூல்கள் தெரியும். இடப்பக்கம் ஒரு படியின் அடியில் ஊசியை விட்டு எடுங்கள். வலப்பக்கம் அதே வரிசைப் படியின் அடியில் விட்டு எடுங்கள். எந்த இடத்தில் ஊசி வெளியே வந்ததோ அதே இடத்தில்தான் மறுபடி நுழைய வேண்டும். 5 செ.மீ. தளர்வாகப் போன பின் நூலை இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே மடிந்து மூடிக்கொள்ளும். இழுத்ததும் துணியை நெடுக்காக ஒருமுறை நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூட்டு சுருங்கி நிற்கும்.

பின்னிய நூல் முறுக்கில்லாத ஒற்றைப் புரி என்றால் அதனாலேயே தைக்க வேண்டாம், உராய்வில் அறுந்துவிடும். அதே நிறத்தில் முறுக்கான மெல்லிய நூல் எடுங்கள். தோள் மூட்டை மட்டும் கொஞ்சம் உறுதியாகவே தையுங்கள், ஏனென்றால் முழு ஸ்வெட்டரின் எடையும் தொங்குவது அங்கேதான்.

கை இணைக்கும்போது கை முகட்டின் நடுவைத் தோள் மூட்டிலும், அக்குள் பகுதியில் அடைத்த கண்ணிகளை உடலில் அடைத்த கண்ணிகளிலும் முதலில் பொருத்திவிட்டு, இடைப்பட்டதைப் பகிர்ந்து ஊசி குத்துங்கள். ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் மறுமுனையில் மிச்சம் நிற்கும்.

பட்டன் பட்டி அலை அலையாக வருகிறது.

ஓரத்தில் அதிகக் கண்ணி எடுத்துவிட்டீர்கள். குறைவாக எடுத்தால் நேர்மாறாக, முன்பக்கம் மேலே சுருண்டு தூக்கும். கண்ணியின் அகலமும் உயரமும் ஒன்றல்ல. அதனால் வரிசைக்கு ஒன்று என்று எடுக்கக் கூடாது. பொதுவாக நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி. உங்கள் பின்னலில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை வருகிறது என்றால் ஏழு வரிசைக்கு ஐந்து என்பது துல்லியக் கணக்கு. எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னும் கார்ட்டர் ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒன்று. பட்டி மூன்று வரிசை ஏறியதும் தரையில் விரித்துப் பாருங்கள். அப்போதே பிரித்தால் இழப்பு சொற்பம்.

பட்டன் இடங்களை, பட்டியை மூடிக் குண்டூசி குத்திய பிறகு காஜாத் துளை வழியாகவே குறியுங்கள். மேலும் கீழும் ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே ஒன்று, மார்பு மிக அகலமான இடத்தில் ஒன்று கட்டாயம். மற்றவற்றைச் சமமாகப் பிரிக்கலாம். தைக்கும்போது பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவி, நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றி முடியுங்கள். பட்டியின் தடிப்புக்கு அந்த இடைவெளி வேண்டும். உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பட்டனையும் சேர்த்துத் தைத்தால் பின்னல் கிழியாது.

எல்லாம் முடிந்த பிறகு நீளம் சரியில்லை. முழுவதும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். சாக்ஸின் பாதம் நீளம் என்றால் நுனித் தையலைப் பிரித்து, கூராக்கத் தொடங்கிய இடம்வரை கழற்றி, வேண்டிய வரிசை குறைத்து மறுபடி முடியுங்கள். முடித்த சாக்ஸின் பாதம், காலை விட 1 செ.மீ. அளவுக்குக் குட்டையாக இருப்பதே சரி; நீண்டு பொருந்த வேண்டும்.

ஸ்வெட்டரைக் கீழிருந்து பின்னியிருந்தால், ரிப் பட்டிக்குச் சற்று மேலே ஒரு வரிசையில் ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசை நூலைக் கண்ணி கண்ணியாக உருவுங்கள். மேல்பக்கம் திறக்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றி, கீழ்நோக்கி வேண்டிய நீளம் பின்னி, புதிதாக ரிப் போடுங்கள். திசை மாறும்போது கண்ணிகள் அரைக் கண்ணி விலகும். வெற்று நிட் பகுதியில் அது தெரியாது, ரிப்பின் நடுவே செய்தால் தூண்கள் முறிந்தது போலத் தெரியும். அதனால்தான் வெட்டும் இடம் ரிப்புக்கு மேலே இருக்க வேண்டும்.

சிவப்பு நூல் சாயம் விடுகிறது. வினிகர் போட்டால் நிற்குமா?

குளிர்ந்த நீரில் வினிகர் ஊற்றுவதால் மட்டும் சாயம் பிடிக்காது. கம்பளிச் சாயம் பிடிக்கப் புளிப்போடு சூடும் வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மிகைச் சாயம்தான் வருகிறது என்றால், குளிர்ந்த நீரில் தனியாக, நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். வெள்ளையோடு கலந்து பின்னப்போகும் அடர் நூலை, ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வீட்டாருக்குக் கொடுக்கும்போது கூடவே என்ன கொடுக்க வேண்டும்?

அதே நூலில் 5 முதல் 10 கிராம், நூலின் பெயரும் சாய எண்ணும் உள்ள லேபிள், எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு. அந்த மிச்ச நூலையும் உடையோடு சேர்த்தே சில முறை அலசி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒட்டுப் போடும்போது நிறம் ஒத்துவரும்.

சாக்ஸைக் குதிகால் ஓட்டை விழும்வரை விடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெலிந்த இடம் வலை போலத் தெரியும். அப்போதே கம்பளி ஊசியால் ஒவ்வொரு நிட் கண்ணியின் வடிவத்தின் மேலேயே புது நூலை ஓட்டிவிட்டால் கால் மணி நேர வேலை. நைலான் கலந்த நூல் இதற்கு நன்றாக உழைக்கும். சாக்ஸ் நூலில் 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் என்ற கலவை வழக்கமாக இருப்பதும் இந்த உராய்வுக்காகத்தான்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது கட்டாயம் துவைத்து, முழுதும் காயவைத்து, மூடிய பையில் வையுங்கள். கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் அழுக்கும் உள்ள இடத்தைத்தான் அது தேடும். பூச்சி பட்டதாகச் சந்தேகம் இருந்தால், பையைக் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். இல்லையென்றால் ஈரம் துணிமேல் படியும். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள், தோள் மூட்டு நீளாமல் இருக்கும்.